பேரிங் போனால் சீலைப் பாருங்கள்

வாஷிங் மெஷின் லாரி மாதிரி இரைகிறது. தண்ணீர் மோட்டார் கத்துகிறது. மிக்ஸி ஜாருக்கு அடியில் கறுப்பாக ஏதோ கசிகிறது. பழுது பார்க்க வருபவர் பெரும்பாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "பேரிங் போயிடுச்சுங்க." அவர் சொல்வது சரிதான். ஆனால் வீட்டுச் சாமான்களில் பேரிங் தானாகப் போவது குறைவு. அதற்கு முன்னால் காவல் நின்ற ரப்பர் வளையம், ஆயில் சீல், வாட்டர் சீல் என்கிறோமே, அதுதான் முதலில் போயிருக்கும்.

அப்பா கோவை பீளமேட்டில் லேத் பட்டறை வைத்திருந்தார். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், கழற்றிப் போட்ட பேரிங்குகளைத் துடைத்து அடுக்குவது என் வேலை. அங்கே பார்த்ததும், பிறகு என் வீட்டில் பட்டுத் தெரிந்துகொண்டதும் கீழே இருக்கின்றன.

1. முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் சுற்றிப் பாருங்கள். முன்பக்கம் திறக்கும் வாஷிங் மெஷின் என்றால் உள் டிரம்மின் விளிம்பைப் பிடித்து மேலும் கீழும் அசையுங்கள். டிரம்மும் வெளித்தொட்டியும் சேர்ந்து ஸ்பிரிங்கில் ஆடுவது இயல்பு. டிரம் மட்டும் தனியாக லொடலொடத்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. கரகரவென்று கேட்டால் உள்ளே துரு. தொட்டியின் பின்புறம் நடுவிலிருந்து காவி நிறக் கோடு இறங்கியிருந்தால் சோப்புத் தண்ணீர் சீலைத் தாண்டிவிட்டது என்று பொருள். இந்தக் கட்டத்தில் கவனித்தால் சீல், பேரிங்கோடு போகும். இன்னும் ஆறு மாதம் ஓட்டிப் பார்க்கலாம் என்றால் ஷாஃப்டும் தேய்ந்து, செலவு எங்கோ போய்விடும். சில மாடல்களில் தொட்டியைப் பிரிக்கவே முடியாதபடி ஒட்டி அனுப்புகிறார்கள். ஒரு சின்ன ரப்பருக்காக முழுத் தொட்டியையும் மாற்றச் சொல்வார்கள். மெஷின் வாங்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

2. பேரிங் மாற்றினால் சீலையும் மாற்றியே ஆக வேண்டும். "சீல் நல்லாத்தானுங்க இருக்கு" என்று பழசையே போடுபவரிடம் ஒத்துக்கொள்ளாதீர்கள். கழற்றி மாட்டும் கூலியோடு பார்த்தால் சீலின் விலை ஒன்றுமே இல்லை.

3. பேரிங்கின் மேல் இருக்கும் எண்ணைப் படிக்கத் தெரிந்தால் கடையில் ஏமாற வேண்டியதில்லை. 6203 என்பதில் கடைசி இரண்டு இலக்கம் உள்துளையின் அளவைச் சொல்கிறது. 00 என்றால் 10 மி.மீ., 01 என்றால் 12, 02 என்றால் 15, 03 என்றால் 17. அதற்கு மேல் 5-ஆல் பெருக்கிக்கொள்ளலாம்: 04 என்றால் 20, 05 என்றால் 25. எண்ணுக்குப் பின்னால் வரும் எழுத்துதான் நமக்கு முக்கியம். இசட் இசட் என்றிருந்தால் இரண்டு பக்கமும் தகட்டு மூடி. அந்தத் தகடு உள்வளையத்தைத் தொடாது, மயிரிழை இடைவெளி விட்டு நிற்கும். தூசியைத் தடுக்கும், தண்ணீரைத் தடுக்காது. சீலிங் ஃபேனுக்கு அது போதும். டூ ஆர்எஸ் என்றிருந்தால் இரண்டு பக்கமும் ரப்பர். அதன் உதடு உள்வளையத்தைத் தொட்டுக்கொண்டே இருக்கும், சுற்றும்போது கொஞ்சம் இழுக்கும். ஈரம் படும் இடத்துக்கு இதைக் கேட்டு வாங்குங்கள். ஆனால் டூ ஆர்எஸ் போட்டாயிற்றே என்று வெளிச் சீலை விட்டுவிடக் கூடாது. தெறிக்கும் துளிக்குத்தான் அந்த ரப்பர், தேங்கி நிற்கும் தண்ணீருக்கு அல்ல.

4. ஆயில் சீலில் 25 50 10 என்று மூன்று எண் இருக்கும். ஷாஃப்டின் விட்டம், உட்காரும் துளையின் விட்டம், தடிமன் என்ற வரிசை. பழைய சீலின் உதட்டை அளந்து புதுசு வாங்காதீர்கள். அது தேய்ந்து அகன்றிருக்கும். ஷாஃப்டை அளந்து சொல்லுங்கள்.

5. சீலைத் திருப்பிப் பார்த்தால் ஒரு பக்கம் மட்டும் மெல்லிய சுருள் ஸ்பிரிங் தெரியும். எதைத் தடுக்க வேண்டுமோ அந்தப் பக்கம் அது இருக்க வேண்டும். கிரீஸ் வெளியே வராமல் இருக்க வேண்டுமா, ஸ்பிரிங் உள்பக்கம். தண்ணீர் உள்ளே போகாமல் இருக்க வேண்டுமா, வெளிப்பக்கம். தலைகீழாக மாட்டினால் முதல் நாளே ஒழுகும். வாஷிங் மெஷின் சீல்களில் இரண்டு மூன்று உதடுகள் இருப்பதால் குழப்பம் வரும். கழற்றுவதற்கு முன் செல்போனில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

6. இந்தக் குறிப்பைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். எங்கள் வீட்டு மோனோபிளாக் மோட்டாரில், பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே இருக்கும் சந்தில் சொட்டுச் சொட்டாக நீர் விழுந்தது. என் வீட்டுக்காரர் நல்ல எண்ணத்தில் எபாக்ஸி பசையைப் பிசைந்து அந்தச் சந்தைப் பூசி அடைத்தார். சொட்டு நின்றது. மூன்று வாரத்தில் மோட்டாரும் நின்றது. முன் பேரிங் துருப்பிடித்து இறுகிவிட்டது.

அப்பா வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "தண்ணியத் தடுக்காத கண்ணு, அது வெளிய போக வழியக் காட்டு."

அந்தச் சந்து வேண்டுமென்றே விட்டது. பம்பின் நீரைத் தடுக்கும் மெக்கானிக்கல் சீல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் ஒரு நாள் கசியும் என்று தெரிந்துதான் அப்படி அமைத்திருக்கிறார்கள். கசியும் நீர் ஷாஃப்ட் மேலே ஊர்ந்து பேரிங் பக்கம் வரும். வழியில் ஷாஃப்டோடு சுற்றும் ஒரு ரப்பர் வளையம் அதைப் பிடித்து வெளியே உதறும். உதறிய நீர் சந்து வழியாகத் தரையில் விழும். நாமும் பார்த்துவிட்டு, சீல் மாற்றும் காலம் வந்துவிட்டது என்று தெரிந்துகொள்வோம். அடைத்துவிட்டால் நீருக்குப் பேரிங்கைத் தவிர வேறு போக்கிடம் இல்லை.

பட்டறையில் புதிதாக ஏதாவது செய்யச் சொல்கிறீர்கள் என்றால், தீவனம் வெட்டும் மெஷினோ, மாவு பிசையும் மெஷினோ, இதையே சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். இரண்டு சீல், நடுவில் ஓர் இடைவெளி, அந்த இடைவெளியின் அடியில் ஒரு துளை. ஒரே சீலை நம்பிய மெஷினைவிட இது நெடுநாள் உழைக்கும்.

7. சீலுக்கு முன்னால் ஒரு குடை இருந்தால் சீலின் வேலை பாதியாகக் குறையும். சீலிங் ஃபேனின் கம்பியில் கிண்ணம் போல ஒரு மூடி இருக்கிறதே, அது அழகுக்கு மட்டும் அல்ல. மேலிருந்து விழும் ஒட்டடையும் தூசியும் மேல் பேரிங்குக்குள் போகாமல் தடுப்பதும் அதுதான். பண்டிகைக்குத் துடைக்கும்போது மேலே தள்ளிவிட்டு அப்படியே மறந்துவிடுகிறோம். கீழே இறக்கி ஸ்க்ரூவை முடுக்குங்கள்.

8. மோட்டார் ஷாஃப்ட் 25 மி.மீ., நிமிடத்துக்கு 2,880 சுற்று என்று வையுங்கள். சீலின் உதட்டுக்கு அடியில் இரும்பு நொடிக்கு 3.7 மீட்டருக்கு மேல் ஓடுகிறது. ஒரு மணி நேரம் தொட்டி நிரப்பினால் 13 கிலோமீட்டருக்கு மேல். அவ்வளவு தூரமும் உதட்டுக்கும் இரும்புக்கும் நடுவே இருப்பது கண்ணுக்குத் தெரியாத எண்ணெய்ப் படலம் மட்டுமே. அது இல்லாவிட்டால் ரப்பர் கருகும், இரும்பில் வளையமாகப் பள்ளம் விழும். நகத்தால் ஷாஃப்டைக் கீறிப் பாருங்கள். நகம் தட்டினால் அதே இடத்தில் புதுச் சீல் போட்டும் பயனில்லை. புதுச் சீலை ஓரிரு மி.மீ. தள்ளி உட்கார வைக்கலாம், அல்லது அந்த இடத்தில் மெல்லிய எஃகு உறை மாட்டலாம்.

9. லேத்தில் ஷாஃப்ட் கடையச் சொல்லும்போது மூன்று விஷயம் சொல்லுங்கள். சீல் உட்காரும் இடத்தின் சொரசொரப்பு 0.2 முதல் 0.8 மைக்ரானுக்குள் இருக்கட்டும். அதைவிடச் சொரசொரத்தால் ரப்பரைத் தின்னும், கண்ணாடி மாதிரி இருந்தால் எண்ணெய் நிற்காது. அடுத்து, கடைசல் கோடு திருகு மரை மாதிரி சரிவாக இருக்கவே கூடாது. ஷாஃப்ட் சுற்றச் சுற்ற அந்தக் கோடே எண்ணெயை வெளியே இறைத்துவிடும். சீல் புதுசு, ஷாஃப்ட் புதுசு, ஆனாலும் ஒழுகுகிறது என்று மண்டையைக் குடைந்துகொள்ளும் பல கேஸ்களில் காரணம் இதுதான். ஷாஃப்டின் நீளவாக்கில் எமரித் தாள் போட்டுத் தேய்ப்பதும் தப்புதான். மூன்றாவது, ஷாஃப்டின் முனையை 15 முதல் 30 டிகிரி சரிவாகக் கடைந்துவிடச் சொல்லுங்கள். கூர்விளிம்பு உதட்டை வெட்டிவிடும்.

துளையின் அளவிலும் ஒரு சூட்சுமம் உண்டு. சீலில் 50 என்று போட்டிருந்தால் துளையை 50 என்றே கடைய வேண்டும். சீலை அளந்தால் 50-க்குக் கொஞ்சம் கூடவே காட்டும். இறுக்கம் வேண்டும் என்று அப்படிச் செய்து அனுப்புகிறார்கள். அளந்து பார்த்துத் துளையைப் பெரிதாக்கிவிட்டால் சீலும் ஷாஃப்டோடு சேர்ந்து சுற்றும்.

10. சீலைப் பேரிங்குக்கு எவ்வளவு பக்கத்தில் வைக்க முடியுமோ அவ்வளவு பக்கத்தில் வையுங்கள். பேரிங்கை விட்டு விலக விலக ஷாஃப்டின் ஆட்டம் கூடும், உதடு எட்டாமல் போகும்.

11. மாட்டும்போது உதட்டில் கிரீஸ் தடவுங்கள். இரண்டு உதடு இருந்தால் நடுப்பள்ளத்திலும் நிரப்புங்கள். ஷாஃப்டில் சாவிப் பள்ளம் (கீ-வே) இருந்தால் அதன் மேல் டேப் சுற்றிவிட்டுச் சீலைக் கடத்துங்கள். ஸ்க்ரூ டிரைவரால் ஒரு ஓரமாகத் தட்டுவது பாவம். தட்டையான மரக்கட்டையை முழுதாக வைத்துச் சமமாகத் தட்டுங்கள்.

12. பேரிங்கில் கிரீஸ் நிறைய அடைத்தால் நல்லது என்ற எண்ணம் நம் ஊரில் போகவே மாட்டேன் என்கிறது. வேகமாகச் சுற்றும் பேரிங்கில் காலி இடத்தின் மூன்றில் ஒரு பங்கு போதும். மிச்சமெல்லாம் கடையப்பட்டுச் சூடேறிச் சீலைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

13. தண்ணீர் இல்லாமல் பம்பை ஓட்டாதீர்கள். உள்ளே இருக்கும் மெக்கானிக்கல் சீலில் கார்பன் முகம் ஒன்றும் செராமிக் முகம் ஒன்றும் உரசிக்கொண்டிருக்கின்றன. நடுவில் இருக்கும் நீர்ப்படலம்தான் அவற்றுக்கு எண்ணெய். வறட்டு ஓட்டத்தில் சீக்கிரமே சூடேறி விரிசல் விடும். புதுசு மாட்டும்போது அந்தப் பளபளப்பான முகத்தை வெறுங்கையால் தொடக் கூடாது. பழைய பம்புகளில் சீலுக்குப் பதில் கிளாண்ட் கயிறு இருக்கும். அது சொட்ட வேண்டும், சொட்டுவதுதான் அதற்குக் குளிர்ச்சி. முற்றிலும் நிற்கும் வரை நட்டை முடுக்கினால் கயிறு ஷாஃப்டை அரித்துவிடும்.

14. தூரம் ஓட்டி வந்த பைக்கை உடனே பிரஷர் வாட்டரில் கழுவாதீர்கள். சக்கரத்தின் நடுப்பகுதி சூடாக இருக்கும்போது உள்ளே காற்று விரிந்திருக்கும். குளிர்ந்த தண்ணீர் பட்டதும் அது சுருங்கி, சீலின் உதட்டைத் தாண்டி நீரை உறிஞ்சும். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். பீய்ச்சும் குழாயை சக்கரத்தின் நடுவுக்கு நேராகப் பிடிக்காதீர்கள்.

15. மிக்ஸி ஜாரைக் கழுவத் தொட்டியில் ஊறப்போடும் வழக்கம் என் அம்மாவிடமும் இருந்தது. அடிப்பக்கம் நீரில் மூழ்கினால் புஷ் வழியாகச் சோப்பு நீர் ஏறும், பிறகு அது மாவோடும் சட்னியோடும் இறங்கும். மேல்பக்கம் மட்டும் கழுவிக் கவிழ்த்து வையுங்கள். கறுப்புக் கசிவு தொடங்கிவிட்டால் தள்ளிப்போடாதீர்கள். அது கீழே மோட்டாருக்குள் இறங்கி அங்கேயும் நாசம் செய்யும்.

16. இரண்டு பக்கமும் மூடிய பேரிங்கைப் பெட்ரோலிலோ மண்ணெண்ணெயிலோ ஊறவைத்துக் கழுவாதீர்கள். உள்ளே வைத்து அனுப்பிய கிரீஸ் கரைந்துபோகும், ரப்பரும் உப்பலாம். துரு நீக்கும் ஸ்பிரேயும் அப்படித்தான். இரண்டு நாள் சத்தம் அடங்கும், மூன்றாம் நாள் கூடுதலாகக் கத்தும்.

17. தண்ணீர் புகுந்தால் பேரிங் போச்சு என்றேனே, அதற்கு விலக்கும் ஒன்று உண்டு. தண்ணீர் நிரப்பும் வகை போர்வெல் சப்மெர்சிபிள் மோட்டாரில் உள்ளே இருப்பதே தண்ணீர்தான். அதன் பேரிங்குகள் நீரையே எண்ணெயாக வைத்து ஓடும்படி அமைந்தவை. அங்கே சீலும் மேலே இருக்கும் ரப்பர்த் தடுப்பும் நிற்பது முக்கியமாக மணலுக்கு எதிராக. இறக்குவதற்கு முன் மோட்டாரில் சுத்தமான தண்ணீரை முழுதாக நிரப்பினார்களா என்று நின்று பாருங்கள். அவசரத்தில் இதை விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

18. ஸ்பேர் சீல் வாங்கி வைத்திருந்தால் ஆணியில் மாட்டி வைக்காதீர்கள், உதடு கோணிவிடும். கவரோடு, வெயில் படாத அலமாரியில் படுக்கையாக வையுங்கள்.

நாளைக் காலை மோட்டார் போடும்போது ஒரு நிமிடம் குனிந்து, பம்புக்கும் மோட்டாருக்கும் நடுவே தரை ஈரமாக இருக்கிறதா என்று பாருங்கள். ஈரம் இருந்தால் அடைக்காதீர்கள், சீலை மாற்ற ஆளைக் கூப்பிடுங்கள்.