குழப்படியா, குழப்பமா?

சென்ற தவணை தம்பியின் தேர்ச்சி அறிக்கையில், ஆசிரியர் குறிப்பு என்ற இடத்தில் ஒரேயோர் ஆங்கிலச் சொல் இருந்தது: ‘மிஸ்சிவஸ்’.

“இது ஏச்சா, பாராட்டா மகள்?” என்று உம்மா கேட்டார்.

“ரெண்டாகவும் இருக்கலாம் உம்மா.”

வகுப்பாசிரியையிடம் விசாரித்தபோது, டஸ்டரை ஒளித்து வைத்தானாம் என்று தெரிந்தது. உம்மா ஆறுதலடைந்தார். எனக்கோ அந்தச் சொல் விளங்கியாக வேண்டியிருந்தது.

பழைய பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த சொல் இது. அதன் வேருக்குக் ‘கெட்ட முடிவுக்கு வருதல்’ என்பது பொருள். ஆங்கிலத்திலும் முதலில் கேடு, தீங்கு என்ற கருத்தே இருந்தது. குறும்பு என்ற இலேசான பொருள் 17ஆம் நூற்றாண்டில்தான் சேர்ந்தது. சட்டம் இன்றும் பழைய பொருளை விடவில்லை. இதன் பெயர்ச்சொல்லான ‘மிஸ்சிஃப்’, 1883ஆம் ஆண்டின் எமது தண்டனைச் சட்டக்கோவையில் ஒரு குற்றத்தின் பெயர். பிறருக்கு நட்டம் வரும் என்று அறிந்துகொண்டே உடைமையை அழிப்பதும் அதில் அடங்கும். யூஸுஃப் அலியின் ஆங்கிலக் குர்ஆன் மொழிபெயர்ப்பிலும் ‘ஃபஸாத்’ என்பதற்குப் பல இடங்களில் இச்சொல்லே வருகிறது.

அந்த ஃபஸாதைத் தமிழில் ‘குழப்பம்’ என்கிறோம். துள்ளித் திரியும் பிள்ளையையோ ‘சரியான குழப்படி’ என்கிறோம். இரண்டுக்கும் வேர் ஒன்றுதான்! ‘விஷமம்’ என்பதும் அப்படியே. விஷமச் சிரிப்பை ரசிக்கலாம். விஷமப் பிரசாரம் ஊரையே எரித்துவிடும். ஆகவே ஆங்கிலத்தை மட்டும் குறை சொல்ல வழியில்லை.

பரீட்சையில் பக்கத்துச் சொல்லைப் பார்த்தால் போதும். கண்கள், புன்னகை, குழந்தை என்று வந்தால் குறும்பு. வதந்தி, பொய் என்று வந்தால் தீங்கு. வகுப்பறையில் இது அவ்வளவு இலகுவல்ல. ஒருத்தியின் நிறத்தையோ பழைய சப்பாத்தையோ சொல்லிச் சிரிப்பவர்கள் “சும்மா பகிடிக்குத்தானே” என்பார்கள். அவர்கள் எடுப்பது முதலாவது பொருள். எந்தப் பொருள் சரி என்பதை அழுதவளிடமல்லவா கேட்க வேண்டும்? நாம் பெரும்பாலும் சிரித்தவர்களிடமே கேட்கிறோம்.

உச்சரிப்பையும் சொல்லிவிடுகிறேன். மூன்று அசைகள்தான்: மிஸ்–சி–வஸ், அழுத்தம் முதலசையில். ‘மிஸ்சீவியஸ்’ என்று நீட்டுவோர் ஆங்கிலேயரிலும் உண்டு. எழுதும்போது ‘வீ’க்குப் பிறகு நேரே ‘ஓ, யூ, எஸ்’ வரும். இடையில் ‘ஐ’ கிடையாது.