தஞ்சோங் துவான் கடல்முனைக் காடு



மலையும் மலை சார்ந்த இடமும் குறிஞ்சி என்றும், கடலும் கடல் சார்ந்த இடமும் நெய்தல் என்றும் நம் முன்னோர் நிலத்தைப் பகுத்தனர். இவ்விரண்டையும் ஒரே காலைப்பொழுதில் நடந்து காணத்தக்க இடங்கள் நம் நாட்டில் சில உண்டு. அவற்றுள் ஒன்று போர்ட்டிக்சனுக்கு அருகிலுள்ள தஞ்சோங் துவான். அங்குச் செல்வோர் பலர் கடலில் குளித்து, உணவுண்டு, வீடு திரும்பிவிடுகின்றனர். குன்றின்மேலுள்ள சிறு காடு எதற்காகக் காக்கப்படுகிறது என்பதை அறிந்தோர் குறைவு. அதனை இப்பாடத்தில் காண்போம்.

இடமும் வரலாறும்

‘தஞ்சோங்’ என்னும் மலாய்ச் சொல்லுக்குக் கடல்முனை என்பது பொருள். நெகிரி செம்பிலான் மாநிலத்தால் சூழப்பட்டிருந்தாலும், இம்முனை மலாக்கா மாநிலத்தைச் சேர்ந்தது. போர்த்துக்கீசியர் இதனைக் ‘காபோ ரச்சாடோ’ என்று அழைத்தனர். 1606ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் டச்சுக்காரரும் போர்த்துக்கீசியரும் இம்முனைக்கு அப்பாலுள்ள கடலில் போரிட்டனர். மலாக்கா நீரிணையில் செல்லும் கப்பல்களுக்கு வழிகாட்டக் குன்றின் உச்சியில் ஒரு கலங்கரை விளக்கம் நிற்கிறது. இன்றுள்ள கோபுரம் 1863இல் எழுப்பப்பட்டது.

பாறைச் சரிவு உண்டாகும் விதம்

கடற்கரை எங்கும் ஒரே சீராக அரிக்கப்படுவதில்லை. மென்மையான நிலம் விரைவில் கரைந்து குடாவாகிறது. கடினமான பாறை எஞ்சி நின்று முனையாகிறது. முனையை அலைகள் வளைந்து சூழ்ந்து இருபுறமும் தாக்குகின்றன. அலையோடு வரும் மணலும் கற்களும் பாறையின் அடிப்பகுதியைத் தேய்க்கின்றன. அடி குடையப்பட்டதும், தாங்குவாரற்ற மேற்பகுதி இடிந்து விழுகிறது. இவ்வாறே செங்குத்தான சரிவு உண்டாகிறது. இது முடிந்துபோன நிகழ்ச்சி அன்று, இன்றும் நடைபெறுவது. ஆகவே, சரிவின் விளிம்பில் நிற்பதும் அதன் அடியில் அமர்வதும் ஆபத்தானவை. மழை பெய்த பின்னர் அவ்வாபத்து மிகும்.

காடு செய்யும் பணி

இளம் பால்மரக் கன்றுகளுக்கிடையே மண்ணை மூடும் கொடிகளைப் படரவிடுவதைத் தோட்டத்துப் பெற்றோர் நன்கறிவர். மழைத்துளி நேரே மண்ணில் விழாமல் இலைகள் தாங்கும். வேர்கள் மண்ணைப் பிடித்து நிற்கும். தஞ்சோங் துவானில் இப்பணியைக் காடே செய்கிறது. குன்றின் சரிவிலுள்ள மண்ணை நெடுமரங்களும் அவற்றின் கீழ்ச் சிறுமரங்களும், கொடிகளும், உதிர்ந்த சருகும் சேர்ந்து காக்கின்றன. நிரை நிரையாக ஒரே மரம் நிற்கும் தோட்டத்திற்கும் இக்காட்டிற்கும் உள்ள வேறுபாட்டை நடக்கும்போது கூர்ந்து நோக்குங்கள். தோட்டத்தில் ஒரு நிரையைப் பார்த்தால் மற்றதையும் பார்த்தது போலாகும். காட்டிலோ பத்தடிக்கு ஒரு புதிய இலை தென்படும்.

களைத்து வரும் விருந்தினர்

இனி, இவ்விடத்தின் தலையாய சிறப்பைக் கூறுவோம். தேன்பருந்து என்னும் பறவை தேனீ, குளவி ஆகியவற்றின் கூடுகளைப் பிரித்து, உள்ளிருக்கும் புழுக்களை உண்டு வாழ்வது. சைபீரியா, ஜப்பான் முதலிய வடநாடுகளில் அது குஞ்சு பொரிக்கிறது. குளிர்காலம் வரும்போது தென்கிழக்காசியாவிற்கு வந்து தங்குகிறது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, சுமத்ராவின் பக்கமிருந்து நீரிணையைக் கடந்து ஆயிரக்கணக்கான பருந்துகள் வடக்கே திரும்புகின்றன.

அவை கடப்பதற்கு இவ்விடத்தைத் தேர்ந்தது ஏன்? வெயிலில் நிலம் சூடேறும்போது அதன்மேலுள்ள காற்றும் சூடாகி உயர்கிறது. பருந்துகள் அக்காற்றில் வட்டமிட்டு, சிறகடிக்காமலே மேலேறி, பின்னர் நெடுந்தொலைவு சறுக்கிச் செல்லும். பகலில் கடல் நிலத்தைப் போல விரைவில் சூடாவதில்லை. எனவே, நீரின்மேல் அவற்றைத் தூக்கிவிடும் காற்று குறைவு. சிறகடித்தே பறக்க நேர்வதால் வலிமை விரைந்து குன்றும். ஆதலின் அவை மிகக் குறுகிய வழியை நாடுகின்றன. இந்தோனேசியாவின் ரூபாட் தீவிலிருந்து தஞ்சோங் துவானுக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தூரமே உண்டு.

கரையை அடையும்போது பல பருந்துகள் மரவுச்சிக்குச் சற்று மேலாகத் தாழப் பறக்கின்றன. சில காட்டிலேயே இறங்கி இளைப்பாறுகின்றன. நிலத்தின் வெப்பக்காற்று கிடைத்ததும் மீண்டும் வட்டமிட்டு உயர்ந்து பயணத்தைத் தொடர்கின்றன. அப்பறவைகளைக் கண்டு எண்ணும் விழாவை மலேசிய இயற்கைக் கழகம் 2000ஆம் ஆண்டில் அங்குத் தொடங்கியது.

நமக்கு இது சிறு காடு. ஒரு மணி நேரத்தில் நடந்து முடித்துவிடலாம். கடல் கடந்து களைத்து வரும் பறவைக்கோ இதுவே முதற்கரை. இறங்கிக் கால் ஊன்றும் முதல் கிளை. சுற்றிலும் தங்கும் விடுதிகளும் சாலைகளும் பெருகிய கரையில் இம்மரங்களும் இல்லையெனில் அது எங்கே இறங்கும்? காட்டின் பயனை அதன் பரப்பளவு கொண்டு மட்டும் அளத்தல் ஆகாது.

நடப்போர் கைக்கொள்ள வேண்டியவை

1. பெரியவர் துணையின்றிச் செல்லாதீர். வழுக்காத சப்பாத்து அணிந்து, போதிய நீர் எடுத்துச் செல்லுங்கள்.

2. நீரிணையில் கடல் நாளொன்றுக்கு இருமுறை ஏறி இறங்கும். நீர் வற்றிய வேளையில் பாறைகள்மேல் நடந்து சென்றோர், நீர் ஏறும்போது திரும்ப வழியின்றி அகப்படக்கூடும். புறப்படும் முன் அன்றைய நீரேற்ற நேரத்தைக் கேட்டறிக.

3. அமைந்த பாதையை விட்டு விலகிப் புதுவழி உண்டாக்காதீர். ஒருவர் மிதித்த வழியில் நூறு பேர் நடப்பர். அடுத்த மழை அதனை வாய்க்காலாக்கும்.

4. குரங்குகளுக்கு உணவளிக்காதீர். அளித்துப் பழக்கினால், அவை பிடுங்கவும் கடிக்கவும் தொடங்கும். கொண்டுசென்ற பிளாஸ்டிக் பைகளைத் திரும்பக் கொண்டுவாருங்கள்.

5. மரத்தில் அமர்ந்துள்ள பறவையைக் கூவியும் கல்லெறிந்தும் எழுப்பாதீர். அதன் ஓய்வு அடுத்த பயணத்திற்குரிய உணவு போன்றது.

பெற்றோர்க்கு ஒரு சொல்: அடுத்த முறை கடற்கரைக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும்போது, குளிப்பதற்கு முன் ஒரு மணி நேரத்தைக் காட்டிற்கும் ஒதுக்குங்கள். வீட்டிற்கு வரும் விருந்தினரை வாசலில் நிறுத்தாத மக்கள் நாம். கடல் கடந்து வரும் இவ்விருந்தினர்க்கும் இறங்க ஓர் இடம் வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

சிந்தித்து விடை எழுதுக

1. கடலின்மேல் பறக்கும்போது பருந்து விரைவில் களைப்பது ஏன்?

2. தோட்டத்தில் படரவிடும் கொடிக்கும் குன்றின் காட்டிற்கும் உள்ள ஒற்றுமை யாது?

3. உங்கள் வீட்டருகே நண்பகலில் வட்டமிடும் பறவை ஒன்றைக் கவனித்து, அது எத்தனை முறை சிறகடிக்கிறது என்று எண்ணி எழுதுக.