உவரைத் தாங்கும் நெல்

உவர் ஏறிய வயலில் எல்லா நெல்லும் ஒன்றுபோலக் கருகுவதில்லை. கேரளக் கரையோரத்தில், உவர்நீர் வந்து போகும் தாழ்நிலங்களில் பொக்காளி என்ற நெல் தலைமுறை தலைமுறையாக விளைந்து வருகிறது. அதன் இரகசியம் என்ன?

நெல்லின் கலங்களில் 12 சோடி நிறமூர்த்தங்கள் உண்டு. அவற்றில் முதலாவதிலுள்ள ஒரு பரம்பரை அலகைச் சீன விஞ்ஞானிகள் 2005இல் இனங்கண்டார்கள். வேரிலிருந்து மேலேறும் நீரிலுள்ள சோடியத்தை அது வழியிலேயே மறித்து, இலைக்குப் போகவிடாமல் குறைக்கிறது. பொக்காளியின் பலத்தில் ஒரு பங்கும் அதே இடத்திலேதான் இருக்கிறது. அந்தப் பொக்காளியை இனங்கலந்து அம்பலாந்தோட்டையில் உருவாக்கியதே ஏ.ரி. 354 என்னும் மூன்றரை மாத நெல்.

ஆனால் இதை நம்பி அசட்டையாக இருந்துவிட வேண்டாம். உப்புக்கு நெல் இரண்டு முறை அஞ்சும்: இளம் நாற்றாக இருக்கையில் ஒருமுறை, பூக்கும்போது மறுமுறை. மேலே சொன்ன அலகு காப்பது முக்கியமாக நாற்றையே. பூவைக் காப்பவை வேறு அலகுகள். நாற்று பச்சைப்பசேலென்று நின்ற வயலிலே கதிர் பதராவது இதனால்தான். ஆகவே, ஊர் திரும்பி வயலைத் திருத்துபவர்கள் குளத்து நன்னீரில் ஒரு பங்கைப் பூக்கும் காலத்துக்கென மிச்சம் பிடியுங்கள். நாற்று நடுவதானால் ஒரு மாதம் வளர்ந்த நாற்றையே நடுங்கள். அது முதலாவது கண்டத்தைத் தாண்டியிருக்கும்.

விதைநெல்லுக்கு ஒவ்வொரு போகமும் அலைய வேண்டியதில்லை. நெல் பெரும்பாலும் தன் பூவிலேயே கருக்கட்டுவது. வேறினம் கலவாமல் எடுத்து வைத்தால் அடுத்த போகத்திலும் அதே குணம் இருக்கும்.