நிரல் கற்க எந்தப் புத்தகம்?

கேள்வி: பிளஸ் டூவில் வணிகவியல் எடுத்த மாணவி நிரல் எழுதக் கற்க விரும்புகிறாள். மத்தளம்பாறையில் ஜோஹோ மென்பொருள் நிறுவனம் வந்தபின் எங்கள் பக்கத்தில் பல பிள்ளைகளுக்கு இந்த ஆசை. எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்?
- வாசகி, குற்றாலம்

பதில்: நிரல்மொழி நூலில் விலைக்கும் பக்கங்களுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது, அது மொழியின் எந்தப் பதிப்புக்கு எழுதப்பட்டது என்பது. உதாரணமாக, பைத்தான் என்ற நிரல்மொழியின் 3-ஆம் பதிப்பு வெளிவந்தது 2008 டிசம்பரில். பைத்தான் 2-க்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது. 'பிரிண்ட்' கட்டளைக்குப் பின் அடைப்புக்குறி இல்லாத நூல் பழைய பதிப்புக்கானது. பாதி விலைக்குக் கிடைத்தாலும் அது வேண்டாம். முதல் நிரலே பிழை காட்டினால், புதிதாகக் கற்பவர் தவறு தன்னுடையது என்றே நினைத்துக்கொள்வார். சி மொழி நூல்களில், டர்போ சி என்ற பழைய கம்பைலர் காலத்தவை இன்னும் விற்பனையில் உண்டு. திரையைத் துடைக்க 'கிளியர் ஸ்க்ரீன்' கட்டளையோடு தொடங்கும் அந்த நிரல்களை லினக்ஸின் ஜிசிசி கம்பைலர் ஏற்காது.

தமிழ்வழியில் படித்தவருக்குக் கைக்கெட்டும் நல்ல தொடக்கம், தமிழ்நாடு அரசின் பிளஸ் டூ கணினி அறிவியல் பாடநூல். 2019 முதல் அதில் பைத்தான் கற்பிக்கப்படுகிறது. இணையத்தில் இலவசமாகவே இறக்கிக்கொள்ளலாம். மாறி, மடக்கு, செயற்கூறு என்று அடிப்படைகளைத் தாய்மொழியில் விளங்கிக்கொள்ள இதைவிட எளிய வழி இல்லை. ஆனால் அது பொதுத்தேர்வுக்கான நூல். இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் வினாக்களே மிகுதி. சொந்தமாக நிரல் எழுதவைக்கும் பயிற்சிகள் குறைவு. பயிற்சியில்லாமல் படித்த நிரல் கையில் நிற்காது.

அந்தக் குறையை ஆலன் டவுனியின் 'திங்க் பைத்தான்' தீர்க்கும். அத்தியாயந்தோறும் பயிற்சிகள் உண்டு, ஆங்கிலமும் எளிமையானது. வணிகவியல் மாணவிக்கு இன்னும் பொருத்தமானது ஆல் ஸ்வைகார்ட்டின் 'ஆட்டோமேட் தி போரிங் ஸ்டஃப் வித் பைத்தான்'. எக்செல் தாள், பிடிஎஃப் கோப்பு என்று அலுவலக வேலைகளையே நிரலாக்கச் சொல்லித்தருகிறது. இரண்டையும் இணையத்தில் இலவசமாகப் படிக்கலாம். இரண்டையும் ஒன்றாகத் தொடங்காமல், ஒன்றைப் பயிற்சிகளோடு முடித்தபின் அடுத்ததை எடுப்பது நல்லது.

சி மொழிக்கு வந்தால், கெர்னிகனும் ரிட்சியும் எழுதிய 'தி சி புரோகிராமிங் லாங்குவேஜ்' 1978-இல் வந்தது; வாங்க வேண்டியது 1988-இன் இரண்டாம் பதிப்பு. முன்னூறு பக்கங்களுக்குள் அடங்கும் அருமையான நூல்தான். ஆனால் நிரலாக்கத்தில் ஓரளவு பழகியவரை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. மெலிந்த புத்தகம் என்று நம்பி முதலில் எடுத்தால் சுட்டிகள் பற்றிய அத்தியாயத்தில் பலரும் தடுமாறி நிற்பார்கள். பைத்தானில் சில மாதங்கள் பழகியபின் எடுத்தால் போதும்.

தரவுத்தளம் வரை வந்தவருக்குத் தமிழிலேயே து. நித்யாவின் 'எளிய தமிழில் மைஎஸ்க்யூஎல்' இருக்கிறது. அது இலவச மின்னூல்.