கணினியில் முளைக்கும் கோரை

கோரை மண்டிய வயலை உழவர் நன்கு அறிவர். மேலே தெரியும் தழையை அறுத்துவிட்டால் போதாது. மண்ணுள் கிடக்கும் கிழங்கு சில நாட்களில் மீண்டும் துளிர்த்துவிடும். பஞ்சாயத்து அலுவலகங்களிலும் இல்லங்களிலும் உள்ள கணினிகளிலும் இத்தகைய களை ஒன்று முளைக்கின்றது. ‘ஆட்வேர்’ எனப்படும் விளம்பர நிரலே அது. அதன் இயல்பையும், அதை அடியோடு களையும் முறையையும் இங்குக் காண்போம்.

களை புகும் வழி

இணையத்தைக் காண நாம் பயன்படுத்தும் குரோம், எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் போன்றவற்றிற்கு உலாவி என்று பெயர். எழுத்துரு, வீடியோ கருவி முதலியவற்றை அறிமுகமில்லாத தளங்களிலிருந்து இலவசமாகப் பெறும்போது, விதைநெல்லில் கலந்த களைவிதைபோல் விளம்பர நிரலும் உடன் வந்துவிடுகின்றது. படித்துப் பாராமல் ‘சம்மதம்’ என்று அழுத்துவதே அதற்கு வாயில் திறக்கின்றது. பின்னர் உலாவியின் முகப்புப் பக்கமும் தேடுபொறியும் தாமாகவே மாறும், கேளாத விளம்பரங்கள் தோன்றும், கணினி மந்தமாகும்.

விளையும் தீங்கு

இது வெறும் தொல்லைதானே என்று எண்ணுதல் தவறு. தமிழக அரசின் தளத்தில் பட்டா விவரத்தைக் கட்டணமின்றிப் பார்வையிடலாம். தேடுபொறி மாற்றப்பட்ட கணினியிலோ, பணம் பறிக்கும் போலித் தளம் முதலில் வந்து நிற்கக்கூடும். பஞ்சாயத்துக் கணக்குகள் இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் பதிவாகும் இக்காலத்தில், அக்கணினியில் இடும் கடவுச்சொல் பிறர் கைக்குச் செல்லுமாயின் ஊர்ப் பொதுப்பணத்திற்கே ஆபத்து.

ஓர் உதாரணம் கூறுவோம். 2014ஆம் ஆண்டின் பிற்பகுதியில் லெனோவோ நிறுவனம் விற்ற சில மடிக்கணினிகளில் ‘சூப்பர்ஃபிஷ்’ என்னும் விளம்பர நிரல் முன்னதாகவே இடப்பட்டிருந்தது. பாதுகாப்பான தளங்களிலும் விளம்பரம் காட்டுவதற்காக, அது தனது போலி நற்சான்று ஒன்றைக் கணினியில் பதித்தது. அதனால் வங்கித் தளத்தின் பூட்டுக்குறியைக்கூட நம்ப இயலாத நிலை ஏற்பட்டது. 2015 பிப்ரவரியில் இவ்விஷயம் வெளிப்பட்டது. நிரலை நீக்கிய பின்னரும் அந்த நற்சான்று உள்ளேயே தங்கியது; அதைத் தனியே நீக்க வேண்டியதாயிற்று. கோரைக்கிழங்கின் கதை இதுவேயன்றோ!

களையும் முறை

1. முக்கியமான கோப்புகளுக்குப் பிரதி எடுத்து வைத்துக்கொள்க.

2. விண்டோஸ் அமைப்புகளில் உள்ள செயலிப் பட்டியலை நிறுவிய தேதி வரிசையில் பார்வையிட்டு, தொல்லை தொடங்கிய நாளையொட்டி வந்த அறிமுகமற்றவற்றை நீக்குக. ஐயமிருப்பின் அறிந்தவரைக் கேட்ட பின்னரே நீக்குக.

3. உலாவியின் நீட்சிகள் பகுதியில் தாம் சேர்க்காதவற்றை அகற்றுக. அறிவிப்பு அனுப்ப அனுமதி பெற்றுள்ள அந்நியத் தளங்களையும் தடை செய்க.

4. உலாவியைத் தொடக்க நிலைக்கு மீட்டமைக்க. குரோமில் இவ்வாறு செய்வதால் குறித்து வைத்த பக்கங்களும் சேமித்த கடவுச்சொற்களும் அழியா.

5. விண்டோஸுடன் வரும் பாதுகாப்புக் கருவியைக் கொண்டு முழுச் சோதனை நடத்துக. கணினியை மறுபடி இயக்கி, களை மீண்டும் துளிர்க்கின்றதா என்று பார்க்க.

6. இறுதியாகக் கடவுச்சொற்களை மாற்றுக. தூய்மை செய்யுமுன் அதே கணினியில் மாற்றுவதால் பயனில்லை.

வருமுன் காத்தல்

‘உங்கள் கணினியில் வைரஸ் உள்ளது, இவ்வெண்ணை அழையுங்கள்’ என்று திரையில் தோன்றினால் அழைத்தல் கூடாது. செயலிகளை அவற்றிற்குரிய தளத்திலிருந்தே பெறுதல் வேண்டும். அலுவலகக் கணினியைப் பொழுதுபோக்கிற்கு விடலாகாது. பணம் பறிபோயின் தாமதமின்றி 1930 என்னும் எண்ணிற்குத் தெரிவிக்க வேண்டும்.

வயலைக் காக்கும் விழிப்பை நம் கணினிக்கும் அளிப்போமாக. அதனுள் இருப்பது ஊரின் கணக்கும் நம் உழைப்பின் பயனுமே என்பதை உறுப்பினர்கள் மறவாதிருத்தல் வேண்டும்.