கிளெய்மே செய்யாத பாலிசியை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 67, மனைவிக்கு 63. அவருக்குப் பல வருடமாகச் சர்க்கரை, எனக்கு பிரஷர். மாத்திரை, ரத்தப் பரிசோதனை என்று மாதம் 7,000 ரூபாய் ஆகிறது. இருவருக்கும் சேர்த்து 5 லட்சம் ரூபாய்க்கு 11 வருடமாக மெடிக்கல் பாலிசி கட்டிவருகிறேன். ஒருமுறைகூட கிளெய்ம் செய்ததில்லை. இந்த ஆண்டு பிரீமியம் 46,000 ரூபாய். "மாத்திரைக்கே பணம் தராத பாலிசி எதற்கு? நிறுத்திவிட்டு பேங்கில் போடுங்கள்" என்கிறான் மகன். என்ன செய்யட்டும்?
- வாசகர், கும்பகோணம்

பதில்: நிறுத்தாதீர்கள் ஐயா. மகனின் ஆதங்கம் நியாயமானது, ஆனால் இரண்டு வெவ்வேறு செலவுகளை ஒன்றாகப் பார்க்கிறார். உங்கள் பாலிசி ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தால் உதவுவதற்கானது. மாதாந்திர மாத்திரைக்கு வேறு வழி தேட வேண்டும்.

11 வருடம் விடாமல் கட்டியதில் உங்களுக்குக் கிடைத்திருப்பது பெரிய பாதுகாப்பு. ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான காத்திருப்புக் காலம் முடிந்துவிட்டது. 60 மாதங்கள் தொடர்ந்து கட்டியவரிடம், மோசடியை நிரூபித்தால் ஒழிய, 'நோயை மறைத்தீர்கள்' என்று சொல்லி கிளெய்மை மறுக்க முடியாது. இப்போது விட்டுவிட்டுப் பிறகு புதிதாக எடுத்தால், சர்க்கரைக்கும் அதனால் வரும் சிக்கல்களுக்கும் 36 மாதம் வரை காத்திருக்க நேரலாம். வயது வரம்பைக் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ 2024-ல் நீக்கிவிட்டாலும், உங்களைச் சேர்ப்பதா வேண்டாமா என்பது கம்பெனியின் முடிவுதான். வருடம் 46,000 வீதம் பேங்கில் சேர்த்தாலும் ஒரு பைபாஸ் ஆபரேஷனுக்கான பணம் சேரப் பல வருடமாகும். நோய் அதுவரை காத்திருக்காது.

பிரீமியம் ஒரே வருடத்தில் 10 சதவீதத்துக்கு மேல் ஏறியிருந்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 60 வயது கடந்தவர்களுக்கு அதற்கு மேல் உயர்த்துவதானால் முன்கூட்டியே தன்னைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் ஐஆர்டிஏஐ உத்தரவிட்டிருக்கிறது. தனிநபர், குடும்ப பாலிசிகளுக்கான 18 சதவீத ஜிஎஸ்டியும் 2025 செப்டம்பர் 22 முதல் கிடையாது. அந்த 46,000-ல் வரி சேர்ந்திருக்கிறதா பாருங்கள். உங்களுக்காக மகன் கட்டினால், பழைய வரி முறையில் 50,000 ரூபாய் வரை அவருக்கு வரிக்கழிவு உண்டு. ரொக்கமாகக் கட்டினால் கிடைக்காது.

பாலிசியில் அறை வாடகை வரம்பு இருக்கிறதா என்று இன்றே பாருங்கள். பலரும் ஏமாறுவது இங்கேதான். வரம்பு நாளுக்கு 5,000 என்று வையுங்கள். நீங்கள் 8,000 ரூபாய் அறையில் சேர்ந்தால், 'கூடுதல் 3,000 மட்டும்தானே நம் கையிலிருந்து' என்று நினைப்பீர்கள். அப்படியல்ல. டாக்டர் ஃபீஸ், தியேட்டர், நர்சிங் கட்டணங்களிலும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள். அவை 1,60,000 ஆகியிருந்தால் உங்களுக்குக் கிடைப்பது ஒரு லட்சம்தான். அட்மிஷன் போடும் பதற்றத்தில், "நல்ல ரூமா கொடுங்க" என்று பிள்ளைகள் பாசத்தில் சொல்லும் ஒரு வார்த்தைக்கு 60,000 ரூபாய் விலை. மகனிடம் இதை இப்போதே சொல்லிவையுங்கள்.

மாத்திரைச் செலவுக்கு வருவோம். சர்க்கரைக்கும் பிரஷருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 2021-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் பதிந்தால் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். அங்கே இல்லாத மருந்துக்கு முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் இருக்கின்றன. பிராண்ட் பெயருக்குப் பதில் மருந்தின் பெயரை எழுதித் தரும்படி உங்கள் டாக்டரிடம் கேளுங்கள்; அவரைக் கேட்காமல் எதையும் மாற்ற வேண்டாம். அரசு மாத்திரை வாங்குவதில் கௌரவக் குறைச்சல் எதுவுமில்லை, அது உங்கள் வரிப்பணம். மிச்சமாகும் பணத்தில் உங்கள் மனைவிக்கு வருடம் ஒருமுறை விழித்திரை, பாதம், சிறுநீரில் அல்புமின் மூன்றையும் பார்த்துவிடுங்கள். சிறுநீரகக் கோளாறை அல்புமின் பரிசோதனை முன்கூட்டியே காட்டிவிடும்.

இதே பாலிசி கட்டுப்படியாகவில்லை என்றால், சேர்த்த காத்திருப்புக் காலத்தை இழக்காமலே வேறு கம்பெனிக்கு மாறலாம். அதற்குப் புதுப்பிக்கும் தேதிக்குக் குறைந்தது 45 நாள் முன்பே விண்ணப்பிக்க வேண்டும். புதிய படிவத்தில் சர்க்கரை, பிரஷர் இரண்டையும் மறைக்காமல் எழுதுங்கள். அங்கே ஏற்றுக்கொண்டதாக எழுத்தில் வரும்வரை பழைய பாலிசியைக் காலாவதியாக விடாதீர்கள்.