ரொக்கமா, எல்.சி.யா, ஜாமீன் பத்திரமா?

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் 10,000 சதுர அடியோ அதற்கு மேலோ நிலத்தைக் கிளறி வேலை செய்வதானால், பொதுவாக மண் அரிப்புத் தடுப்புத் திட்டத்துக்கு முதலில் ஒப்புதல் வாங்க வேண்டும். செசபீக் விரிகுடாப் பாதுகாப்புப் பகுதிகளில் 2,500 சதுர அடிக்கே இந்த விதி வந்துவிடும். அந்தத் திட்டப்படி கட்டும் வண்டல் தடுப்புத் துணியின் அடிவிளிம்பைப் பள்ளம் தோண்டிப் புதைக்காமல் வெறுமனே குச்சிகளில் கட்டித் தொங்கவிட்டால், ஒரே மழையில் சேறு அடியில் நுழைந்து ஓடைக்குப் போய்விடும். அதைச் சரிசெய்யாமல் ஒப்பந்தக்காரர் கைவிட்டால், உள்ளூர் நிர்வாகம்தான் ஆள் வைத்துச் செய்ய வேண்டும். அந்தச் செலவுக்கு முன்கூட்டியே ஈடு கேட்கச் சட்டம் இடம் தருகிறது. ரொக்கம், வங்கியின் எல்.சி. (கடன் உறுதிக் கடிதம்), ஜாமீன் கம்பெனி தரும் பத்திரம் மூன்றுமே அங்கே செல்லும்.

மேலோட்டமாகப் பார்த்தால் ஜாமீன் பத்திரம்தான் மலிவு. ஈட்டுத் தொகை 50,000 டாலர், பிரீமியம் 2 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 1,000 டாலரோடு போயிற்று. அதே தொகையை 8 சதவீத வட்டிக்கு வாங்கி ரொக்கமாகக் கட்டினால் வட்டி மட்டும் 4,000. எல்.சி.யில் பணம் கையைவிட்டுப் போகாதுதான். ஆனால் வங்கி அதை உங்கள் கடன் வரம்பில் கழித்துக்கொள்ளும், நாளை ஜல்லி வாங்கக் கடன் கேட்டால் கையை விரிக்கும். எல்.சி.யில் இன்னொரு சங்கடமும் உண்டு. கேட்பு ஆவணங்கள் ஒழுங்காக இருந்தால், நியாயம் யார் பக்கம் என்று விசாரிக்காமலே வங்கி பணம் கொடுத்துவிடும். ஜாமீன் நிற்கும் கம்பெனி பெரும்பாலும் இரு தரப்பையும் விசாரித்த பிறகே கொடுக்கும். எல்.சி.யை நான் கடைசியில் வைப்பது இதனால்தான்.

“கம்பெனி கட்டிவிடும், எனக்கென்ன?” என்று நினைப்பவர்கள் ஜாமீன் பத்திரத்தைக் காப்பீடு என்று தவறாக எண்ணுகிறார்கள். கம்பெனி கொடுத்த ஒவ்வொரு டாலரையும் ஒப்பந்தக்காரரிடமே திரும்ப வசூலிக்கும். அதற்கான உறுதிமொழியில் முதலாளி, பல நேரம் அவர் மனைவியும், சொந்தப் பொறுப்பில் கையெழுத்திட்டிருப்பார்கள். பிரீமியம் திரும்பி வராது, வேலை இழுத்தால் மறு ஆண்டும் கட்ட வேண்டும். ஆகவே சின்ன வேலைக்கு ரொக்கமே மேல். ஜார்ஜியா மாநிலத்தில் இந்த ஈடு ஏக்கருக்கு 3,000 டாலரைத் தாண்டக் கூடாது. அவ்வளவு சிறிய தொகைக்காகச் சொந்தக் கணக்கு வழக்கையெல்லாம் ஒரு கம்பெனியிடம் விரித்துக் காட்டுவானேன்? பல ஏக்கர், பல கட்டம் என்று நீளும் வேலைக்கு மட்டும் ஜாமீன் பத்திரம் எடுங்கள்.

ஓடையின் நலன் பார்த்தால் எல்லோரிடமும் ரொக்கமே வாங்க வேண்டும் என்பார்கள். அடுத்த மழைக்குள் கையில் எடுக்கக்கூடிய பணம் அதுதான் என்பது உண்மை. ஆனால் பெரிய வேலைகளில் அப்படிக் கேட்டால், ஒழுங்காக வேலை செய்யும் சிறிய ஒப்பந்தக்காரர்கள்தான் முதலில் ஒதுங்குவார்கள். மேலும், ஜாமீன் கம்பெனி ஆளைப் பார்த்துத்தான் பத்திரம் தரும். பெரிய வேலையில் அந்தச் சல்லடையும் ஓடைக்குக் காவல்தான்.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் புல் விதைக்கும் பருவத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். வர்ஜீனியாவில் செலவாகாத ஈட்டை 60 நாளில் விடுவிக்க வேண்டும். அந்த 60 நாள் தொடங்குவது கட்டடம் முடிந்த நாளில் அல்ல, புல் பிடித்து மண் போதிய அளவு நிலைப்பட்ட நாளில்.